விரல் எண் போட்ட புத்தகம்

மூன்று புத்தகங்களையும் மேஜைமேல் பரப்பி வைத்துவிட்டு எங்கள் கான்வென்ட் பள்ளிக்கூடத்தின் தலைமை சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்களே செலக்ட் பண்ணுங்க டீச்சர். வாசிக்கிறவங்களுக்குத்தானே தெரியும்" என்றார். அவர் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்திருந்ததால் உதட்டில் வெளிச்சம் விழுந்தது, எனக்குப் புரிந்தது. யாரோடு பேசினாலும் அவர்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வது அதற்குள் எனக்குப் பழகிவிட்டிருந்தது.

என் காது போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு ஆரம்பித்தது. ஆர்மோனியத்தின் வலது கோடிதான் முதலில் போனது. கட்டையை அழுத்தினால் மரம் மரத்தில் இடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமாக நடுவை நோக்கி நகர்ந்தது. பாண்டிச்சேரியில் காட்டிய டாக்டர், நரம்பு, ஒன்றும் செய்வதற்கில்லை, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். எப்படிக் காப்பாற்றுவது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

இது என் கணவருக்கு மட்டும் தெரியும். அவர் மரக்காணம் உப்பளத்தில் மேற்பார்வை பார்த்தார். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் முழுகிவிடும். தண்ணீர் வடிந்து தரை காய்ந்து மறுபடி உப்பு பூக்கிற வரைக்கும் அவருக்கு வேலை கிடையாது. அந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். காது கேட்காத மியூசிக் டீச்சரை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்? அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வேடிக்கையும் நடந்தது. காது மந்தமாக ஆக என் குரல் உயர்ந்துகொண்டே போனது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் டீச்சருக்கு எவ்வளவு கணீரென்ற குரல் என்று மெச்சினார்கள்.

பியானோ வந்த கதை சின்னது. குயிலாப்பாளையம் பக்கம் ரொம்ப வருஷம் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் ஊருக்கே திரும்பிப் போனபோது, தூக்கிக்கொண்டு போக முடியாததை சிஸ்டர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை நான் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பிரேயர் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பாண்டிச்சேரியில் படித்த காலத்தில் பியானோ பரீட்சைகள் எழுதித் தேறியவள் என்பது சிஸ்டருக்கு ஞாபகம் வந்தது. நாலு பெண் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார். இனி இவர்களுக்கு ஒரு பாடப்புத்தகம் வேண்டும், அதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

மெட்ராஸிலிருந்து வரவழைத்த மூன்றில் ஒன்று வழவழவென்று கலர் படம் போட்டது. பனியும் கரடியும் அதில் நிறைய இருந்தன. அதை நான் உடனே ஒதுக்கினேன், சிஸ்டரும் ஒதுக்கினார். மிச்சம் இரண்டு. ஒன்று அந்த வெள்ளைக்கார அம்மாவே சிபாரிசு பண்ணி எழுதிக் கொடுத்தது. அதில் பிள்ளை முதலில் நோட்ஸ் படிக்காது. டீச்சர் வாசிப்பதைக் கேட்கும், கேசட்டில் கேட்கும், கேட்டதைத் திருப்பி வாசிக்கும். கண் அப்புறம், காதுதான் முதல். இன்னொன்று மெலிசான பழைய புத்தகம். அதில் ஒவ்வொரு நோட்டின் தலைக்கு மேலும் விரலின் எண் இருக்கும். கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. கையை ஐந்து கட்டைமேல் வைத்துவிட்டால் பாடம் முடிகிறவரை நகர்த்தவே வேண்டாம்.

எனக்குக் கற்றுக்கொடுத்த டீச்சர் இந்த மாதிரிப் புத்தகத்தைக் கையால் தொட மாட்டார். அது டைப்ரைட்டிங், மியூசிக் இல்லை என்பார். அவர் சொன்னது சரி. மூன்றில் நல்ல புத்தகம் காதால் படிக்கிற புத்தகம்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் இரண்டு பிள்ளைகளுக்கும் நான் அதிலிருந்துதான் ஆரம்பித்திருப்பேன்.

நான் விரல் எண் போட்டதை எடுத்தேன். சிஸ்டர் கொஞ்சம் தயங்கினார், அந்த அம்மா அவ்வளவு தூரம் சொல்லிவிட்டுப் போனாரே என்றார். நான் நிதானமாகக் காரணம் சொன்னேன். நாலு வீட்டில் மூன்று வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது, கேசட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? எந்த வீட்டிலும் பியானோ கிடையாது. விரல் எண் இருந்தால் பலகையிலோ தரையிலோ கையை வைத்துக்கூடப் பழகலாம். அட்டையில் கட்டை வரைந்து தருகிறேன், வீட்டில் அதன்மேல் வாசிக்கட்டும் என்றேன். சிஸ்டருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நம்ம பிள்ளைகளுக்கு எது ஒத்துவரும் என்று நம்ம டீச்சருக்குத்தான் தெரியும் என்று மற்ற சிஸ்டர்களிடமும் சொன்னார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. உண்மைக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. எண் மூன்று என்று போட்டிருந்து மூன்றாவது விரல் இறங்கினால் சரி, நாலாவது இறங்கினால் தப்பு. அதைக் கண்டுபிடிக்கக் காது வேண்டாம்.

ஆடி, ஆவணி, புரட்டாசி நன்றாகவே போயிற்று. பிள்ளைக்கு வலப்பக்கம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். புத்தகம், விரல், மறுபடி புத்தகம். தாளத்துக்கு மணிக்கட்டைப் பார்த்து எண்ணுவேன். இடது கையைப் பியானோவின் மரத்தில் வைத்துக்கொண்டால் கனமான சத்தங்கள் உள்ளங்கையில் லேசாக அதிரும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தலை விண்விண்ணென்று வலிக்கும். ஆனால் எந்தப் பிள்ளையையும் நான் தப்பாகத் திருத்தவில்லை. சிஸ்டர் சில நாள் வராந்தாவில் பரீட்சைப் பேப்பர் திருத்தியபடி கேட்டுக்கொண்டிருப்பார், போகும்போது தலையசைத்துவிட்டுப் போவார். சமாளித்துவிடலாம் என்று நான் நம்ப ஆரம்பித்திருந்தேன்.

மழை பிடித்தது. அந்த வருஷம் விடாத மழை. சுவரெல்லாம் உப்புப் பொரிந்து ஈரமாக இருந்தது, கதவுகள் சாத்த முடியாமல் உப்பிக்கொண்டன. கணவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

நாலு பேரில் நன்றாக வாசிக்கிறவள் பஜாரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண். ஒன்பது வயசு. அப்பாவை அத்தா என்பாள், அவர் துபாயில் இருந்தார். நான் சொன்ன அந்த ஒரு டேப் ரிக்கார்டர் இவள் வீட்டில்தான். அன்றைக்கு அவள் பாடத்தை வாசித்து முடித்தாள். ஒரு விரல்கூடத் தப்பவில்லை. "ரொம்ப நல்லா இருக்குது. பக்கத்தத் திருப்பு" என்றேன்.

அவள் திருப்பவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அதே பாடத்தை மறுபடி, மெதுவாக வாசித்தாள். நடுவில் ஒரு கட்டையில் நின்று, அதை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தினாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். எண் மூன்று. விரலும் மூன்றுதான். சரியாகத்தானே இருக்கிறது என்றேன்.

அவள் ஸ்டூலில் முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நான் பார்க்க வேண்டும் என்பதற்காக என் முழங்காலைத் தொட்டாள். வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக விட்டுவிட்டுச் சொன்னாள்.

"டீச்சர். இந்தக் கட்டையில. சத்தமே வரல."

அதை அவள் சத்தமாகச் சொன்னாளா, உதட்டை மட்டும் அசைத்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வராந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். சிஸ்டர் குனிந்த தலை நிமிராமல் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். நான் மறுபடி அவள் பக்கம் திரும்புகிறவரை காத்திருந்து, "எங்க பெரியத்தாவுக்கும் கேக்காது" என்றாள்.

எழுந்து மேல் மூடியைத் திறந்து பார்த்தேன். கட்டை இறங்கியது, ஏறியது, ஆனால் உள்ளே அதன் சுத்தி ஈரத்தில் இறுகிப்போய் கம்பியிடம் போகாமல் நின்றது. மழையில் ஊறிப்போச்சு, வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். மூடியைச் சரியாக மூடாமலேயே வந்து உட்கார்ந்தேன்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எனக்கு உதவி செய்ய ஆரம்பித்தாள். பாடம் முடிந்ததும் கையை மடியில் வைத்து, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு விரலையோ இரண்டு விரலையோ நீட்டுவாள். அத்தனை தப்பு என்று அர்த்தம். எங்கே என்று கேட்டால் புத்தகத்தில் தொட்டுக் காட்டுவாள். நான் அங்கே பென்சிலால் வட்டம் போடுவேன். விரல் சரியாகத்தான் விழுந்திருக்கும். ஆனால் அழுத்தம் போதாமல் சத்தம் எழும்பியிருக்காது, அல்லது முந்தின சத்தம் அடங்குவதற்குள் அடுத்தது ஏறியிருக்கும். என் கண்ணுக்குத் தெரியாத தப்புகள் இவ்வளவு இருந்தன. மற்ற மூன்று பிள்ளைகளும் வாசிக்கும்போது என் பின்னால் நின்று, அவர்கள் தப்பையும் முதுகில் லேசாகத் தட்டிச் சொல்வாள்.

அதில் கேலி கிடையாது. கேலி இருந்திருந்தால் அதட்டியிருப்பேன், எனக்கு அதட்ட நன்றாக வரும். ஒரு நாள் சாயங்காலம் பஜாரில் அவள் வீட்டுக் கடையைத் தாண்டிப் போனேன். பெரியத்தா என்று அவள் சொன்னவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, சுத்தமான மனிதர். டீ வந்ததும் முதல் கிளாஸை அவர் கையில் கொடுத்தார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். நான் சாமான் வாங்கி முடிக்கிறவரைக்கும் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கணவரிடம் சொன்னேன். "தை வரைக்கும் வாயத் தொறக்காத. தண்ணி வடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அரிசிப் பானையைப் பார்த்துவிட்டு நானும் சரி என்றேன்.

ஆனால் தை வரை நான் தாங்கவில்லை. ஒரு நாள் வகுப்பில் அந்தப் பெண் வாசித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. கண்ணை என் தோளுக்குப் பின்னால் ஓட்டி ஓட்டிக் காட்டினாள். திரும்பினேன். சிஸ்டர் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், எத்தனை தடவை கூப்பிட்டாரோ. பாடத்தில் மூழ்கிவிட்டேன் சிஸ்டர் என்றேன். அவர் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி பற்றி ஏதோ கேட்டார், பதில் சொன்னேன், போய்விட்டார். அந்தப் பெண் மூச்சு விட்டாள். நான் மாட்டிக்கொள்வேனோ என்று அவளுக்கு அத்தனை பயம். ஒன்பது வயசுப் பிள்ளை பியானோ முன்னால் உட்கார்ந்து எனக்காகப் பயந்துகொண்டிருக்கிறது, அதற்கு நான் சம்பளம் வாங்குகிறேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பள்ளி விட்டதும் சிஸ்டர் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காது போனது எப்போது, ஏன் அந்தப் புத்தகத்தை எடுத்தேன், இத்தனை மாதம் எப்படிச் சமாளித்தேன், எல்லாம். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் இழுக்கவில்லை. குரல் எவ்வளவு உயர்ந்துபோனதோ தெரியாது, வராந்தாவில் போன ஆயம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிஸ்டர் நல்ல மனுஷி. கோபப்படவில்லை. எழுந்து வந்து என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். என் எதிரில் உட்கார்ந்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சொல்லாமல் மூடிக்கொண்டார். மேஜையிலிருந்து ஒரு தாளை இழுத்து, முதல் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுகிற மாதிரி பெரிய பெரிய எழுத்தில் எழுதி என் பக்கம் திருப்பினார். வேறு டீச்சர் கிடைக்கிறவரை இருங்கள். கவலைப்படாதீர்கள்.

காலையில்தான் இதே அறையில் அரை மணி நேரம் இருவரும் பேசிச் சிரித்திருந்தோம்.

"சிஸ்டர், நீங்க பேசினாலே எனக்குப் புரியும்" என்றேன்.

அவர் கனிவாகச் சிரித்தார். தலையை ஆட்டினார். பேனாவை எடுத்து, அதற்கும் பதிலை எழுதினார்.