தலைவர் வீட்டு மாப்பிள்ளை கோலுக்கு நின்ற கோடை

சீசன் முடிந்த மறுவாரமே எங்கள் ஊர் ஃபுட்பால் கிளப்பின் கமிட்டி கூடிவிடும். கமிட்டி என்றால் மூன்றே பேர். தலைவர், அவருடைய மகனான கேப்டன், செயலாளராகிய நான். வழக்கமாகப் பள்ளிக்கூட மைதானத்தை ஒட்டிய டீக்கடையில் உட்காருவோம். தலைவருக்குச் சர்க்கரை ஆலையில் இருந்து கரும்பு வெட்ட உத்தரவு வந்துவிட்டால் கூட்டம் அவருடைய கரும்புக் கொல்லைக்கு மாறும். இந்த வருடம் அப்படித்தான் ஆயிற்று. ஒரு பக்கம் லாரியில் கரும்பு ஏறிக்கொண்டிருக்க, நாங்கள் வரப்பில் உட்கார்ந்து அடுத்த சீசனுக்கு யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்தோம்.

வில்லியனூரில் ஒரு மொத்த மருந்துக் கடையில் இருப்பு சரிபார்ப்பது என் வேலை. தீர்ந்துபோன சரக்கை யாரும் கண்டுபிடித்துவிடலாம். தீரப்போகிறதை முன்னால் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கத்தில்தான் டீமையும் பார்ப்பேன். லெஃப்ட் பேக்குக்கு முழங்கால் போய்விட்டது. அவர் இனி ஒரு ஆட்டம்கூடத் தாங்கமாட்டார். அந்த இடத்துக்கு சேலியமேட்டில் இருந்து இடது கால் ஆட்டக்காரர் ஒருவர் தானாகவே கேட்டு வந்திருந்தார். நடுக்களத்தில் ஆள் போதாது, ஆனால் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது கோல். எங்கள் கோல்கீப்பருக்கு ஓசூரில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. பத்து வருடமாகக் காத்திருந்த வேலை. அவரை இருக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

"கோலி இல்லாம லீக்குக்குப் பேர் குடுக்க முடியாது," என்றார் கேப்டன். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை அவருக்கு. பழனிக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டிருந்தார். தலை அப்போதுதான் லேசாகக் கறுக்கத் தொடங்கியிருந்தது. "டவுன்ல ஒருத்தன் இருக்கான். கைக்கு வந்தா வுடமாட்டான்."

அந்த டவுன் ஆளைப் பார்த்தோம். ஒரு மாலை வந்து பயிற்சியில் நின்றார். உண்மையில் நல்ல கை. ஆனால் ஆட்டத்துக்கு மட்டும்தான் வருவேன், பயிற்சிக்கு வரமாட்டேன், யாராவது பைக்கில் வந்து அழைத்துப்போக வேண்டும், அதே நாளில் பெரிய டீம் கூப்பிட்டால் அங்கே போய்விடுவேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதில் தப்பில்லை. யாருடைய ஆளும் இல்லாதவர் தன் விலையைத் தானே சொல்லிக்கொள்ளலாம். எங்களுக்குத்தான் ஒத்துவரவில்லை.

அடுத்த முறை கூடியபோதுதான் கேப்டன், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "எங்க மாமா சும்மாதான இருக்காரு."

மாமா என்றது அவருடைய அக்காவின் கணவரை. அதாவது தலைவரின் மாப்பிள்ளையை. திருக்கனூரில் மினி லாரி வைத்து காய்கறி லோடு அடிக்கிறவர். அங்கே ஒரு கிளப்புக்குப் பல வருடம் கோல் காத்தவர். ஆடிய மைதானத்தில் மனை போட்டு விற்றுவிட்டதால் போன வருடம் அந்தக் கிளப் கலைந்தது. ஆளுக்கு ஒரு டீமுக்குப் போனார்கள். இவரை யாரும் கூப்பிடவில்லை, வயது முப்பத்திரண்டு. ஒரு சீசன் வீட்டில் உட்கார்ந்தாயிற்று. இன்னொரு சீசனும் உட்கார்ந்தால் அதற்குப் பிறகு யாரும் கூப்பிடப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மாப்பிள்ளைன்னு வந்தா எல போட்டு சோறு போடணும். கோலுக்குள்ள நிக்க வெச்சி ஊரு வாயில வுடக்கூடாது."

"யாரு இன்னா சொல்லிடப் போறாங்க?" என்றார் மகன்.

"இன்னா சொல்லுவாங்களா? இருந்தவன இன்னா சொன்னாங்க? 'கால் நடுவுல வைக்கோல் வண்டியே பூந்து போவுது'ன்னு சொல்லல? சொன்னதே நீதான்டா."

கேப்டன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

தலைவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் முன்னால் ஆடுகிறவன் பத்து பந்தை வெளியே அடித்தாலும் மன்னித்துவிடுவார்கள். கோலுக்கு நிற்கிறவன் ஒன்றை விட்டால் போதும், அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வசவு அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். ஊர் மாப்பிள்ளையோ பொங்கலுக்கு வந்தால் தெருவே எழுந்து நின்று வாங்க என்கிற ஆள். இரண்டையும் ஒரே உடம்பில் எப்படி வைப்பது? அவரை வைதால் மகளை வைத மாதிரி, மகளை வைதால் தலைவரை வைத மாதிரி. பேச்சு அதோடு நின்றது.

அதை மறுபடி எடுத்தவர் தலைவரின் மகள். மாரியம்மன் கோயிலில் அலகு குத்தும் செடல் திருவிழாவுக்குப் பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தார். சீருடைத் துணி விலையைப் பற்றிப் பேச நான் தலைவரைப் பார்க்கப் போயிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

"அவர கோலுக்குப் பேசுனீங்களாமே. நீ வாணாம்னியாமே."

"உனுக்கு யாருமா சொன்னது?"

"ஊருக்கே தெரியுது, எனுக்குத் தெரியாதா? அப்பா, சனிக்கெழம சாயந்திரம் அவரு இன்னா பண்றாருன்னு தெரியுமா உனுக்கு? புள்ளையோட பந்த எடுத்துக்கினு செவுத்துல அடிச்சி அடிச்சிப் புடிக்கிறாரு. புள்ள அழுவுது, பந்தக் குடுன்னு. பக்கத்து வூட்டுக்காரன் சண்டைக்கு வரான்."

தலைவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "திட்டுவாங்கமா," என்றார்.

"திருக்கனூர்ல திட்டல? நான் பக்கத்துலயே நின்னு கேட்டுக்கினு இருந்தன். கையில குழந்த வேற. திட்டுனா வூட்டுக்கு வந்து நல்லா சாப்புடுவாரு. இப்பதான் சாப்புட மாட்டன்றாரு."

தலைவர் என் பக்கம் திரும்பினார். நான் காபியைக் குடித்தேன். குடும்ப விஷயத்தில் செயலாளர் கருத்துச் சொல்வதில்லை என்பது என் கொள்கை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். வில்லியனூர் பக்கத்து டீம் ஒன்றைக் கூப்பிட்டு நட்பு ஆட்டம் ஒன்று வைப்பது. மாப்பிள்ளை நிற்கட்டும். மரியாதைக்குக் குறைவு வந்தால் அத்தோடு சரி, வராவிட்டால் பேர் பதியலாம்.

வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வெயில் சாய்ந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கியது. மாப்பிள்ளை உயரமான ஆள், பேச்சுக் குறைவு. பழைய கிளப்பின் பச்சைச் சட்டையையே போட்டிருந்தார். கையுறையை மாட்டிக்கொண்டு இரண்டு கம்பத்தையும் தொட்டுவிட்டு நடுவில் வந்து நின்றதைப் பார்த்ததும் ஒரு வருடம் சும்மா இருந்தவர் என்று தோன்றவில்லை. தலைவர் எப்போதும்போல் எங்கள் கோலுக்குப் பின்னால் போய் நின்றார். எத்தனையோ வருடமாக அதுதான் அவருடைய இடம். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறும்போது அவரும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போவார்.

மரியாதைக்குக் குறைவு எதுவும் வரவில்லை. மரியாதைதான் எங்களைக் கெடுத்தது.

முதல் கார்னர். பந்து உயரமாக வந்தது. கேப்டன் எம்பினால் தலையால் தட்டிவிடலாம், மாப்பிள்ளை கை நீட்டினால் பிடித்துவிடலாம். கேப்டன் நின்றுவிட்டார். "மாமா, நீங்க." மாப்பிள்ளையும் ஓர் அடி பின்வாங்கினார். "பாருங்க மச்சான்." பந்து இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் குத்தி எழுந்தது. எதிராளி ஒருவன் அவசரமே இல்லாமல் அதை உள்ளே தள்ளிவிட்டுப் போனான்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். மைதானத்தைச் சுற்றி இருந்த ஊர் ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேலியோரம் இருந்து ஒரு குரல் ஆறுதலாக வந்தது. "பரவால்ல மாப்ள, வெய்யிலு கண்ணக் கூசுது." வெயில் அவர் முதுகுப் பக்கம் இருந்தது.

இரண்டாவது கோலும் அதே மாதிரிதான். புதிய லெஃப்ட் பேக் தன் ஆளை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டார். பின்னால் இருக்கும் கோல்கீப்பருக்குத்தான் அது தெரியும். கத்தியிருக்க வேண்டும். மாப்பிள்ளை வாயைத் திறந்தார், மூடினார், பிறகு கையை மட்டும் லேசாக அசைத்தார், பந்தியில் போதும் என்று சாம்பாரைத் தடுக்கிறவர் மாதிரி.

இடைவேளையில் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. எங்கள் டீமில் அப்படி ஓர் அமைதியை நான் கண்டதே இல்லை. எனக்கே பயமாக இருந்தது. மாப்பிள்ளை என் பக்கம் வந்து கையுறையைக் கழற்றினார்.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"மாமா முதுகுக்குப் பின்னால நிக்கிறாரு. அவரு புள்ளையவே நான் எப்டி சார் திட்டறது? தொண்ட வரைக்கும் வருது, நின்னுடுது."

"அவர்கிட்ட சொல்லட்டுமா?"

"நான் சொன்னேன்னு வாணாம்," என்றார். பிறகு, "இல்ல, நான் சொன்னேன்னே சொல்லுங்க," என்றார்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். வார்த்தை மாறாமல் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கேட்டுவிட்டுத் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். விசில் அடித்தது. டீம்கள் பக்கம் மாறின. மாப்பிள்ளை மறுபக்கத்துக் கோலுக்கு நடந்தார். தலைவர் மைதானத்தைச் சுற்றிப் போகத் தொடங்குவார் என்று நானும் கூடப் போகத் தயாராக இருந்தேன். அவர் நகரவில்லை. இருந்த இடத்திலேயே, எதிராளியின் கோலுக்குப் பின்னால், துண்டை விரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இங்க இருந்து பாத்தா நம்ம பசங்க கோல் அடிக்கிறது நல்லாத் தெரியும்," என்றார் என்னிடம். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்து ஒரு குரல் வந்தது. அது யாருடைய குரல் என்று முதலில் எனக்கே புரியவில்லை.

"டேய் மொட்ட, எவனப் பாத்துக்கினு நிக்கற? ஆளப் புடிடா."

கேப்டன் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு தூரத்திலும் அவர் பல் தெரிந்தது. ஓடிப்போய் ஆளைப் பிடித்தார்.

"யாரு கத்தறது?" என்றார் தலைவர்.

"உங்க மாப்பிள்ளைதான்."

"மொட்டன்னு யார சொல்றாரு?"

"உங்க பையனத்தான்."

தலைவர் கழுத்தை நீட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரியாத்தான் சொல்றாரு. அவன் ஆள வுட்டுட்டான்."

அதன் பிறகு அந்தக் கோடி அமைதியாகவே இல்லை. லெஃப்ட் பேக்குக்கு ஒரு பேர், நடுக்களத்து ஆட்களுக்கு ஒரு பேர் என்று எல்லோருக்கும் கிடைத்தது. அடுத்த கார்னரில் "வுடு, என்து" என்று ஒரே சத்தம். கேப்டன் குனிந்துகொள்ள, மேலே இரண்டு கை வந்து பந்தை எடுத்தது. ஊருக்கும் தைரியம் வந்துவிட்டது. ஒரு முறை மாப்பிள்ளை உதைத்த பந்து சறுக்கி நேராக எதிராளி காலுக்குப் போனபோது, வெயில் கூசுகிறது என்று ஆறுதல் சொன்ன அதே ஆள், "இன்னா மாப்ள, பந்த வெத்தல பாக்கு மாதிரி வெச்சிக் குடுக்கற?" என்று கேட்டார். நான் தலைவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். மாப்பிள்ளை அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பி, "அடுத்தது உனுக்குத்தான் மாமா, ரெடியா இரு," என்றார். வேலியோரம் முழுக்கச் சிரித்தது. தலைவரும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

கேப்டன் ஒரு ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தார். ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். பின்பாதியில் எங்கள் கோலுக்குள் ஒன்றும் போகவில்லை.

ஆட்டம் முடிந்ததும் தலைவர் மெதுவாக நடந்து மறுபக்கம் போனார். நான் இரண்டடி பின்னால் போனேன். மாப்பிள்ளை அவரைப் பார்த்ததும் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, பழையபடி குரல் இல்லாத ஆளாகிவிட்டார்.

"வாயி கொஞ்சம் அதிகந்தான்," என்றார் தலைவர்.

"ஆட்டத்துல அப்டி வந்துடுது மாமா."

"வரணும். மொதப் பாதியிலயே வந்திருந்தா தோத்திருக்க மாட்டோம்." பிறகு என்னைப் பார்த்து, "பதியறதுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார்.

புகைப்படமும் ஆதார் நகலும் வேண்டும் என்றேன். இப்போது கையில் இல்லை, மறுநாள் அனுப்புகிறேன் என்று மாப்பிள்ளை சொல்லத் தொடங்கினார். அதற்குள், வேலியோரம் இருந்து பிள்ளையோடு வந்து சேர்ந்த மகள் கைப்பையைத் திறந்து இரண்டையும் எடுத்து என்னிடம் நீட்டினார். புகைப்படம் புதிது, போன வாரம் எடுத்ததாகத்தான் இருக்கும். தலைவர் மகளைப் பார்த்தார். மகள் பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, வூட்டுக்கு வாங்க, அம்மா மீன் வறுத்து வெச்சிக்கினு காத்திருக்கா," என்றார் தலைவர்.

ஆனால் கேப்டன் ஏற்கெனவே பந்துகளைப் பொறுக்கிக் கார்னரில் வைத்திருந்தார். அவருக்கு மறுநாளில் இருந்து ஒரு வாரம் இரவு ஷிப்டு, இனி இருவரும் சேர்ந்து பயிற்சி எடுக்க நாளாகும். மாப்பிள்ளை மாமனாரையும் பார்த்தார், கோலையும் பார்த்தார்.

"போடு மச்சான், பந்து தெரியற வரைக்கும் போடு," என்று கத்திக்கொண்டே கையுறையை மாட்டியபடி ஓடினார்.