ஒளித்து வைத்தது வேறு கிளி

எங்கள் வீட்டில் இரண்டு கிளிகள் இருந்தன. மஞ்சளும் ஆரஞ்சுமாக மினுங்கும் சன் கன்யூர் என்கிற வெளிநாட்டுக் கிளி என் மகளுடையது. வேலைக்குப் போன புதிதில் சென்னையில் ஒரு கடையில் ஆசைப்பட்டு வாங்கி வந்தாள். அது கத்தினால் புதுவாயல் ஜங்ஷன் வரைக்கும் கேட்கும் என்று திட்டிக்கொண்டே நான்தான் அதற்குப் பழம் நறுக்கிப் போடுவேன். பச்சைக்கிளி என் கணவருடையது. அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை. மில் காம்பவுண்டில் பட்டுப்போன பனைமரத்தை வெட்டியபோது பொந்திலிருந்து விழுந்த குஞ்சை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தார். ஊறவைத்த கடலையை நசுக்கி, விரல் நுனியில் எடுத்து ஊட்டி வளர்த்தார்.

என் கணவர் அதிகம் பேசாத மனிதர். அதாவது என்னிடம். ஷிஃப்ட் முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டு கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் வாய் ஓயாது. நான் டீயை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். "உங்களுக்கு எதுக்குப் பொண்டாட்டி, அதுங்கூடவே குடும்பம் நடத்துங்க" என்பேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பும் கிளியைப் பார்த்துத்தான். ஒரு பறவைமேல் எனக்குப் பொறாமை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் இருந்தது.

வெளிநாட்டுப் பிராணி வளர்ப்பவர்கள் அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்ததும், மகள் போனிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். "பண்ணிட்டம்மா, இனிமே ஒரு பிரச்சினையும் இல்ல" என்றாள். கட்டைவிரலால் நாலு தேய்ப்புத் தேய்த்தால் சட்டம் ஒத்துக்கொள்ளுமா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஏர்போர்ட்டில் தங்கம் பிடிபடுவதை டிவியில் பார்த்துப் பார்த்து, வெளிநாட்டிலிருந்து வந்ததுதான் அதிகாரிகளின் கண்ணை உறுத்தும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பச்சைக்கிளியைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஊரில் இருக்கிற பனைமரத்தில் எல்லாம் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறது, அதற்கு யார் கேஸ் போடப் போகிறார்கள்?

ஒருநாள் காலை எங்கள் தெருவில் ஜீப் வந்து நின்றது. ஜன்னல் வழியே பார்த்தால் வனத்துறை. வீட்டில் நான் மட்டும்தான். கன்யூரைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு ஓடிப் பாத்ரூமில் வைத்தேன். அது கத்தினாலும் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அவர்கள் வந்தது பக்கத்து வீட்டு மோட்டார் ரூமில் புகுந்த உடும்பைப் பிடிக்க. பிடித்துச் சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றியபிறகு, ஒரு பெண் வனக்காவலர் எங்கள் வாசலுக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுத்திருந்தால் குடித்துவிட்டுப் போயிருப்பாள். பயத்தில் எனக்கு உபசாரம் பொங்கிவிட்டது. "உள்ள வாங்க மேடம், டீ சாப்ட்டு போலாம்" என்று கூப்பிட்டு, நேராகப் பச்சைக்கிளிக் கூண்டுக்குக் கீழேயே நாற்காலி போட்டேன்.

டீயை வாங்கிக்கொண்டவள் அண்ணாந்து பார்த்தாள். "இது இன்னாம்மா?"

"நம்ம ஊரு கிளிதான் மேடம். ஃபாரின் கிளியெல்லாம் எங்ககிட்ட இல்ல" என்றேன், அவள் கேட்காததற்கும் சேர்த்து.

"நம்ம ஊரு கிளியத்தாம்மா ஊட்ல வெச்சிக்கக் கூடாது. வெளிய பறக்க வேண்டிய ஜீவன். கேஸாயிடும்."

அந்த நேரம் பார்த்துப் பாத்ரூமிலிருந்து கன்யூர், குழாய்ச் சத்தத்தையும் மீறி ஒரு கத்துக் கத்தியது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் போய்க் கூண்டை எடுத்து வந்து வைத்தேன், மகளுக்கும் போன் போட்டுக் கொடுத்தேன். மகள் அனுப்பிய பதிவுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு வனக்காவலர் சிரித்துவிட்டாள். "இதுக்குத்தான் எல்லாம் சரியா கீதே. இத்த ஒளிச்சி வெச்சிக்கினு, அத்தப் போய் நடு ஊட்ல மாட்டியிருக்கீங்களே." நல்ல பெண். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்களே பச்சைக்கிளியை வனத்துறை அலுவலகத்தில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டால் கேஸ் எதுவும் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயந்திரம் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அங்க எடம் பெருசா கீதா?"

"பெருசுன்னுதான் சொன்னாங்க."

கூண்டைத் திறந்து கிளியை விரலில் ஏற்றிக்கொண்டார். "றெக்கைய ஒருநாளும் வெட்டனதில்ல. பறந்துக்கும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அத்தனை நாள் பட்ட பொறாமை போன இடம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்து கூண்டை மடியில் பிடித்துக்கொண்டேன். வனத்துறை அலுவலகத்தின் பின்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் வலை கட்டியிருந்தார்கள். உள்ளே எங்களைப்போல வீட்டில் வளர்த்தவர்கள் கொண்டுவந்து விட்ட பச்சைக்கிளிகள். நன்றாகப் பறக்கப் பழகியதும் திறந்துவிடுவார்களாம். எங்கள் கிளி கொஞ்ச நேரம் அவர் நின்ற பக்கத்து வலையைப் பிடித்துத் தொங்கியது. மேலே ஒன்று கூப்பிட்டதும் திரும்பிப் பறந்துபோய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. "சேந்துக்கிச்சி" என்றார். திரும்பும் வழியில் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். அவர் முகம் தெளிவாகத்தான் இருந்தது.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தார். நான் வழக்கம்போல டீயை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"இன்னிக்கி மில்லுல கம்பி எகிறிடிச்சி" என்றார். "மூஞ்சிக்கு நேரா வந்திச்சி. குனிஞ்சதால தப்பிச்சேன்."

"இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கா?"

"ஆவும், எப்பனா."

"எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே."

"உங்கிட்ட சொன்னா பயந்துடுவ. அதுங்கிட்ட சொல்லிடுவேன்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். "பயப்பட்டா பரவால்ல. சொல்லுங்க" என்றேன்.