ஃபோர்மேன் சார் கீழே வைத்த டம்ளர்

துரைசாமி ஃபோர்மேன் செத்துப்போனார். நேற்று எரித்துவிட்டார்களாம்.

காலையிலிருந்து பழைய கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கும்பிடு. "தங்கமான மனுஷன்", "எங்களை ஆளாக்கினவர்"... போடுங்கள். நான் போடமாட்டேன்.

செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று யாரும் கமெண்டில் வரவேண்டாம். உயிரோடு இருக்கும்போது எழுத எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் காக்களூரில் ஒரு சின்ன லேத் பட்டறை. நான் ஹெல்ப்பர், அவர் ஃபோர்மேன். வேலை நன்றாகக் கற்றுக்கொடுப்பார், அதை மறைக்கவில்லை.

"மெஷினுக்கு ஊரும் தெரியாது, பேரும் தெரியாதுடா. கம்பெனிக்குள்ள வந்துட்டா எல்லாம் ஒண்ணு." தினமும் இதைச் சொல்வார். ஒரே ஜக்கிலிருந்து எங்களோடு டீயும் குடிப்பார்.

அப்படியும் நான் அவரிடம் என் ஊர் பழவேற்காடு என்று சொல்லவில்லை. ஊரைச் சொன்னால் சாதியும் தெரிந்துவிடும். "ஊரு கேட்டா கடம்பத்தூருன்னு சொல்லிக்கோ, நமக்கு இன்னாத்துக்கு பேஜாரு" என்று பக்கத்து மெஷின்காரன் முதல் நாளே சொல்லிவிட்டான். கடம்பத்தூரில் ஒரு நண்பன் ரூமில் தங்கி, ரயிலில்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். பாதிப் பொய்தானே என்று நினைத்தேன்...

ஊரிலிருந்த என் மனைவி தேசம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். பிள்ளை பிறக்கும்போது நான் கூட இருக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். திருவள்ளூர் டவுனில் ஃபோர்மேனுக்கு ஐந்து லைன் வீடுகள் இருந்தன. ஒன்று காலி. கேட்டேன், உடனே சாவியைக் கொடுத்தார்.

குடிவந்த அன்று காலையில் பால் காய்ச்சினோம். தேசம்மாவே வயிற்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அதே லைனில் குடியிருந்த ஃபோர்மேன் தன் வாசலில் நின்றிருந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு சிரித்தார். "எந்த ஊரும்மா நீ?"

"பழவேற்காடுங்க. ரெண்டு பேருக்கும் அதான் ஊரு. நல்ல எறா வந்தா உங்களுக்கும் எடுத்துக்கினு வரேன்."

என் பொய்யை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. அந்தத் தப்பு என்னுடையது.

அவர் டம்ளரைக் குனிந்து படியில் வைத்தார். வாயில் படவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா அதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் கீழே வைத்தார். பிறகு அடுத்த வீடு. பிறகு அதற்கு அடுத்தது.

தேசம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் வைத்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "பால் நல்லாத்தான கீது... திரியல்லியே?" என்று என்னைக் கேட்டாள்.



"சாமான பிரிக்காதப்பா. நான் ஒண்ணும் பாக்கறவன் இல்ல. மத்த ஊட்டுக்காரங்க ஒத்துக்கணுமே" என்றார் ஃபோர்மேன். மற்ற வீட்டுக்காரர்கள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே அவளை ஊருக்குப் பஸ் ஏற்றினேன். எங்கள் மகள் பழவேற்காட்டில் பிறந்தாள். பிறந்து இருபது நாள் கழித்துத்தான் நான் முகம் பார்த்தேன். அவளைப் பஸ் ஏற்றிய மறுநாள் ஷிஃப்டில் இதே ஃபோர்மேன், அதே ஜக்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். நானும் குடித்தேன், வேலை வேண்டுமே.

இப்போது குரூப்பில் புது மெசேஜ். நாளை காலை பால் தெளிப்பு, அனைவரும் வரவும்.

தேசம்மாவிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

"போய் நம்ப ஊட்டுப் பாலு ஒரு டம்ளர் ஊத்திட்டு வாய்யா. இந்தத் தபா கீழ வெக்க மாட்டாரு."

நான் போகவில்லை. போய்ச் சேருங்கள், ஃபோர்மேன் சார்.