வீல் கப்பின் பின்பக்கம்

எங்கள் ஓய்வூதியர் சங்கம் மாலைத் தேநீரை நாலு மணியிலிருந்து நாலரை மணிக்கு மாற்றுவது என்று, மூன்று கூட்டங்களில் விவாதித்த பிறகு, ஒருமனதாகத் தீர்மானித்தது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. எதிர்த்துப் பேசிய இருவரும் தங்கள் எதிர்ப்பு எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஏழுமலை வாசலில் வந்து நின்றார். எங்கள் பழைய அலுவலகத்தின் கார் டிரைவர். கீழ்பென்னாத்தூர்க்காரர். இன்னும் பணியில் இருக்கிறார். வேலை நேரத்தில் காரை விட்டுவிட்டு நடந்து வருகிற ஆள் அல்ல.

"சார், ஜமீலா மேடம் போய்ட்டாங்க சார். காலையில டீ போட்டு வெச்சிட்டு உக்காந்தவங்க. எழுப்பிப் பாத்தா இல்ல."

பதிவேட்டை மூடினோம். சங்கத்தில் பாதிப் பேர் ஜமீலா மேடத்தோடு வேலை பார்த்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் கோப்பு கேட்டு, கேட்ட நிமிடத்தில் கிடைத்த அதிர்ச்சியை ஒருமுறையாவது அனுபவித்தவர்கள். அவரைத் தெரிந்த உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

நான் அவருக்குப் பக்கத்து மேசையில் பதினான்கு வருடம் உட்கார்ந்திருந்தேன். திருவண்ணாமலையில் புதிதாக மாவட்ட அலுவலகங்கள் முளைத்த காலம். கட்டிடம் பழையது, நாற்காலிகள் அதைவிடப் பழையவை. எங்கள் சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் வேகமாக ஓடும். காலையில் வரும்போது நாங்கள் கைக்கடிகாரத்தை நம்பினோம், மாலையில் கிளம்பும்போது சுவர்க் கடிகாரத்தை நம்பினோம். யாருக்கும் குறை இல்லை. ஒருநாள் மதிய இடைவேளையில் ஜமீலா மேடம் ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றினார். ஊசியால் எதையோ தள்ளினார், திரும்ப மாட்டினார். அன்று முதல் அது சரியான நேரம் காட்டியது. அலுவலகத்தில் அவருக்கு எதிரிகள் உண்டானது அந்த வாரம்தான். "நல்லாத்தானே மேடம் ஓடுது, அத்த ஏன் நோண்டுறீங்க?" என்று கேட்டேன். "நல்லா ஓடுது சார். அதான் தப்பு. ஓடாத கடிகாரம்கூட ஒரு நாளைக்கு ரெண்டு தடவ சரியா இருக்கும், இது ஒரு தடவகூட இல்ல" என்றார். அவர் சிரித்தாரா என்பது பக்கத்து மேசையிலிருந்து பதினான்கு வருடம் பார்த்தும் எனக்குப் பிடிபடாத விஷயம்.

இனி வீல் கப்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு மரபு உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தைய வேலை நாள் மாலையில் அதிகாரியின் காருக்குப் பூஜை போடுவோம். வெள்ளை அம்பாசடர். காருக்கு வரும் ஆண்டில் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்பதற்காக அதன் எதிரில் ஒரு தேங்காயை முழுப் பலத்தோடு வீசி உடைப்போம். உடைக்கும் உரிமை பிரிவு வாரியாகச் சுழன்று வரும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் அது எங்கள் பிரிவுக்கு வந்தது, பிரிவில் என்னிடம் வந்தது.

அதிகாரி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கல் வைத்திருந்தார்கள். கற்பூரம் எரிய, காரை மூன்று சுற்று சுற்றினேன்.

"சார், பலமா போடுங்க. போன வருசம் மூணு தடவ போட்டும் ஒடையல, எல்லாம் சிரிச்சிட்டாங்க" என்றார் ஏழுமலை.

பலமாகப் போட்டேன். தேங்காய் கல்லின் விளிம்பில் பட்டு எழும்பி, நேராகச் சக்கரத்துக்குப் போனது. கோயில் மணியின் நாக்கைத் துணி சுற்றி அடித்தது போல ஒரு சத்தம். சக்கரத்தின் நடுவை மூடியிருக்கும் குரோம் தட்டில், நாங்கள் வீல் கப் என்று சொல்வதில், உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம். தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"திருஷ்டி கழிஞ்சிது" என்றார் ஒருவர். பொரி கடலை வழங்கப்பட்டது. கையில் பொட்டலம் வந்ததும் எல்லோருக்கும் பஸ் நினைவு வந்தது. ஐந்து நிமிடத்தில் அந்த வாசலில் ஏழுமலை, நான், ஜமீலா மேடம், கார்.

ஏழுமலை சக்கரத்தின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் எட்டு வருடமாகத் தினக்கூலி டிரைவர். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு அப்போது அதிகாரியின் மேசையில், பரிந்துரைக் கையெழுத்துக்காக இருந்தது. 'வாகனத்துக்குச் சேதம்' என்று ஒரு வரி போதும், அந்தக் கோப்பில் கையெழுத்து விழாது. இதைக் கோப்பு எழுதிய ஜமீலா மேடம் அறிவார். காரைக் காக்கத் தேங்காய் உடைத்த நானும் அறிவேன்.

"டிங்கர் கடையில காட்னேன் சார்" என்று மறுநாள் காலை ஏழுமலை சொன்னார். "தட்டி எடுத்துருவேன், ஆனா குரோம் உரிஞ்சிரும்ன்றான். முலாம் போட மெட்ராஸ் அனுப்பணுமாம், ஒரு மாசம் ஆவுமாம். புதுசு வாங்கறதுக்கு என் கூலி பத்தாது. சார் திங்கக்கெழம வந்துருவாரு."

நாங்கள் ஜமீலா மேடத்தின் வீட்டுக் கூடத்தில் நின்றிருந்தோம். ஏழுமலை நசுங்கிய வீல் கப்பையும், ஜமீலா மேடம் சொன்னபடி, நல்லதாக இருந்த இன்னொன்றையும் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். அரசு விடுமுறை. மேடத்தின் கணவர் கடைக்குப் போயிருந்தார். தரையில் ஒரு பழைய தலையணை உறை கிடந்தது, உள்ளே சலித்த மணல்.

"உங்களுக்கு இந்த வேலை தெரியுமா மேடம்?"

"தெரியாது சார். ஆனா தகடுதானே, பேசிப் பாக்கலாம்."

வீல் கப்பை மணல் மூட்டையின் மேல் கம்பளித் துணி விரித்துக் கவிழ்த்தார். பின்பக்கம் துரு நிறத்தில், முலாம் இல்லாமல் இருந்தது. அதன் மேல் சாக்பீஸால் வட்டத்துக்குள் வட்டமாகப் பள்ளத்தை வரைந்தார். சப்பாத்திக் கட்டையின் முனையில் துணி சுற்றி, நடுவில் அல்ல, வெளி வட்டத்தில் தட்டத் தொடங்கினார். குழந்தையைத் தூங்க வைக்கும் தட்டு.

"நடுவுலதானே மேடம் பள்ளம் ஜாஸ்தி?"

"நடு மொதல்ல உள்ள போச்சு, ஓரம் கடைசியா போச்சு. கடைசியா வந்தத மொதல்ல அனுப்பணும் சார். ஆள் கொறைக்கும்போது நம்ம டிபார்ட்மெண்ட் பண்றதில்லையா?"

ஒரு சுற்று முடிந்ததும் அவர் இரண்டு வீல் கப்புகளையும் ஜன்னலுக்கு எதிரில் பக்கம் பக்கமாக நிறுத்தினார். நல்லதில், துருப் புள்ளிகளுக்கு நடுவிலும், ஜன்னல் கம்பிகள் வில் போல வளைந்து தெரிந்தன. நசுங்கியதில் அதே கம்பிகள் ஒரு இடத்தில் பாம்பு போல நெளிந்தன. அவர் தட்டைப் பார்க்கவே இல்லை. கம்பியைப் பார்த்தார். நெளிவு இருக்கும் இடத்துக்குப் பின்னால் சாக்பீஸ் புள்ளி வைத்து, திரும்பத் தட்டினார். நான் பல நூல்கள் படித்தவன் என்று என்னைப் பற்றி ஒரு கருத்து எனக்கு இருந்தது. ஒரு பொருளின் குறையை அந்தப் பொருளில் தேடாமல் அதில் தெரியும் ஜன்னலில் தேடலாம் என்று எந்த நூலும் எனக்குச் சொன்னதில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன் என்று ஏழுமலை இன்றும் சொல்கிறார்.

இப்படி இரண்டு நாள். இடையில் சமைத்தார், தொழுதார், வந்து உட்கார்ந்தார். இரண்டாம் நாள் மதியம் பள்ளம் புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது. எனக்குப் பொறுமையும் அந்த அளவுக்குச் சுருங்கியிருந்தது. அவர் அடுப்பைப் பார்க்கப் போன சமயத்தில் கட்டையை எடுத்து, நடுவில் ஒரே ஒரு போடு போட்டேன். திருப்பினால் முன்பக்கத்தில் மயிரிழை போல ஒரு விரிசல், ஓரத்தில் அரிசி நுனி அளவுக்கு முலாம் பெயர்ந்திருந்தது.

"சார்ர்ர்" என்றார் ஏழுமலை.

ஜமீலா மேடம் வந்து பார்த்தார். "ரெண்டு தடவையும் நீங்கதான் சார்" என்றார். கட்டையை வாங்கிக்கொண்டார். "அங்க போய் உக்காருங்க. பேப்பர் படிங்க." படித்தேன். மாலைக்குள் புளியங்கொட்டையும் மறைந்தது. விரிசலில் துரு ஏறாமல் இருக்க மெழுகுவர்த்தியைத் தேய்த்து அடைத்தார். பழைய துருப் புள்ளிகளுக்கு, ஏழுமலையின் நண்பர்கள் குடித்துப்போட்ட சிகரெட் பெட்டிகளின் வெள்ளித் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். கடைசியில் பழைய லுங்கித் துண்டால் துடைத்து ஜன்னலுக்கு எதிரில் நிறுத்தினார். இரண்டு தட்டிலும் கம்பிகள் ஒரே மாதிரி வளைந்தன. செலவு என்று பார்த்தால் ஒரு மெழுகுவர்த்தி.

"அல்லா!" என்றார், தனக்குத்தானே. அவர் தன் வேலையை வியந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நாங்கள் மூவருமே ஒன்றை யோசிக்கவில்லை. மற்ற மூன்று வீல் கப்புகள் பல வருடத் தூசியும் துருவுமாக இருந்தன. அரசு வாகனத்துக்கு உரிய நிறம் அது. நாலாவது மட்டும் நிலா மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை அதிகாரி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அரை மணி நேரத்தில் ஏழுமலை அவர் அறையில் நின்றார். வாசல் திரைக்கு வெளியே நாங்கள்.

"ஒரிஜினல எங்க வித்த?"

"விக்கல சார்."

"அப்ப இது எங்கேர்ந்து வந்துது? புதுசு வாங்க நான் சாங்ஷன் குடுத்தனா? ஒரிஜினல வித்துட்டு டூப்ளிகேட் மாட்டிருக்க. உன்னையா பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதிருக்காங்க?"

ஏழுமலை ஒன்றும் பேசவில்லை. பேசினால் என் பெயரைச் சொல்ல வேண்டும். நான் திரையின் நெசவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஜமீலா மேடம் என்னைத் தாண்டி வெளியே காரிடம் போனார். ஸ்குரூ டிரைவரால் வீல் கப்பை நெம்பிக் கழற்றிக் கொண்டுவந்தார். அதிகாரியின் மேசையில், ஏழுமலையின் கோப்பின் மேலேயே அதைக் கவிழ்த்து வைத்தார்.

"முன்பக்கம் பாத்தா புதுசுதான் சார். பின்பக்கம் பாருங்க."

வட்டத்துக்குள் வட்டமாகச் சாக்பீஸ் கோடு. அந்தக் கோடுகளின் மேல் நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று படாமல், எண்ண முடியாத மெல்லிய தட்டல்களின் தடம். அதிகாரி விரலால் தடவினார். திருப்பிப் பார்த்தார். மீண்டும் கவிழ்த்தார். அவர் எங்களிடம் மரியாதையாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. "யாரும்மா செஞ்சது இது?" என்றார், குரல் இறங்கி.

"நான்தான் சார். பூஜையில தேங்கா பட்டு டொக்கு விழுந்துது. ஏழுமலைக்கு இதுல சம்பந்தம் இல்ல."

"யார் ஒடச்சது?"

ஜமீலா மேடம் பத்து வருடத்துக் கோப்பு எண்களைப் பதிவேடு பார்க்காமல் சொல்பவர்.

"ஞாபகம் இல்ல சார்" என்றார்.

"எழுதிக் குடுங்க."

அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். அரசு வாகனத்தின் பாகத்தை அனுமதி இல்லாமல் கழற்றச் சொன்னதும், வீட்டுக்கு எடுத்துச் சென்றதும், பழுது பார்த்ததும் தானே என்று. ஏழுமலையின் கோப்பில் அன்றே கையெழுத்து விழுந்தது. வீல் கப் மாட்டப்பட்டது. மறுவாரம் ஜமீலா மேடத்துக்கு, விதிகளை மீறியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். சொல்லும்போது குரல் சற்றுத் தாழ்ந்துதான் இருந்தது. அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இப்ப ஒரு மெமோ சார். நீங்க போனீங்கன்னா ரெண்டு மெமோ. வேலை கம்மியாவாது" என்றார். மூத்தவர்கள் சொல்லைத் தட்டக் கூடாது என்பதில் நான் அன்று மிகவும் உறுதியாக இருந்தேன்.

அடக்கத்துக்கு நானும் ஏழுமலையும் போயிருந்தோம். ஏழுமலை ஒரு கைப்பிடி மண் போட்டுவிட்டு, நீண்ட நேரம் செருப்பைப் போடாமல் நின்றார். ஜமீலா மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்தேன். பளபளப்பான எதைக் கண்டாலும் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறேன். மனிதர்கள் பேசும்போது அவர்கள் முகத்தில் ஜன்னல் எப்படி வளைகிறது என்று தேடுகிறேன். அவசரமாக ஒரு போடு போடத் தோன்றும்போதெல்லாம் அங்கே போய் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். தேங்காயை உடைத்தது நான் என்பதை இன்று எழுத்தில் தருகிறேன்.

மெமோ நிலுவையில் இருந்ததால், அந்த ஆண்டுக்கான கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியலில் ஜமீலா மேடத்தின் பெயர் சேர்க்கப்படவில்லை. பணிமூப்பில் அவருக்கு அடுத்திருந்த நான் அந்தப் பதவியில் சேர்ந்தேன்.