படத்தில் இல்லாத காட்சி

வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எழுதத் தொடங்கினால் எனக்கு ஒன்றும் ஓடாது. ஆகவே நண்பர் பாக்கியநாதரைப் பற்றிச் சொல்லவிருப்பவற்றை முதலில் பட்டியலாகத் தந்துவிடுகிறேன்.

1. அவருடைய மறைவுச் செய்தி எனக்குக் கிடைத்த விதம்.
2. பாலையூற்றுக் கோயிலின் பங்கு மண்டபத்தில் ஆங்கிலப் படங்களுக்கு அவர் கதை சொன்ன விதம்.
3. கடற்படை விமானிகளின் படத்தன்று அவர் விட்ட பிழை.
4. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது.

இவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் உங்களுள் இருக்கிறார்கள். அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செய்தியை எனக்கு யாரும் கொண்டுவரவில்லை. சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மீன்காரர் செதிலை உரித்தபடியே, "என்ன ஐயா, செத்தவீட்டுப் பக்கம் உங்களைக் காணேல்ல" என்றார்.

"ஆற்றை செத்தவீடு?"

"எங்கட படக்கார ஐயாட. நேற்றுப் பின்னேரம் அடக்கமும் முடிஞ்சுது. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

சொல்லவில்லை. மனைவி காலமான பிறகு என் வீட்டுப் படலையை யாரும் அதிகம் திறப்பதில்லை. மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குசினியில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமைக்க மனம் வரவில்லை.

நாங்கள் இருவரும் கடற்படைத் தளத்துக் கந்தோரில் எழுதுவினைஞர்களாக இருந்தோம். வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, பழைய படக்கருவி ஒன்று பங்கு மண்டபத்துக்குக் கிடைத்தது. கொழும்பிலிருந்து படங்களை எடுப்பித்துக் காட்டினோம். ஒரே கருவி என்பதால் ஒவ்வொரு சுருள் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததைப் பூட்டவேண்டும். அந்த நேரத்தில் பாக்கியநாதர் திரையாகக் கட்டிய வெள்ளைச் சீலைக்கு முன்னால் வந்து நின்று, ஓடி முடிந்த சுருளில் யார் என்ன பேசினார்கள் என்று தமிழில் சொல்வார். ஒரு சொல்லைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. வரப்போவதை மட்டும் சொல்லவேமாட்டார்.

"அண்ணை, அவன் தப்புவானோ மாட்டானோ? அதையெண்டாலும் சொல்லுங்கோ" என்று யாராவது கெஞ்சுவார்கள்.

"சொன்னால் நீர் எழும்பி வீட்டை போயிடுவீர். பிறகு சனம் இருந்த வாங்கில்களை ஆர் அடுக்குறது?" என்பார்.

விமானிகளின் படம் வந்த அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. பெரிய கப்பல்கள் எங்கள் துறைமுகத்துக்குப் புதிதல்ல. ஆனால் கப்பலின் முதுகிலிருந்து ஜெட் விமானம் பாய்ந்து போவதையும், திரும்பி வந்து ஒரு கம்பியில் கொளுவி நிற்பதையும் யாரும் கண்டதில்லை. முதல் சுருள் முடிந்ததும், கிண்ணியாவிலிருந்து வந்திருந்த வியாபாரி ஒருவர் எழுந்து, "அவ்வளவு பெரிய கப்பலை அங்கே வச்சு என்ன செய்யிறாங்க? எங்கட துறைக்கு அனுப்பச் சொல்லுங்க. ஆள் ஏத்துற மிதவைப் பாதை உடைஞ்சு கிடக்குது, ஆத்தைக் கடக்க ஏலாம இருக்குது" என்றார். பாக்கியநாதர் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "எழுதிப் போடுவம்" என்றார்.

படத்தின் கதை எளிது. விமானியின் மனைவி பிள்ளைகளுடன் ஒரு துறைமுக ஊரில் காத்திருக்கிறாள். பாலமொன்றைத் தகர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அவனுடைய விமானம் கடலில் விழுகிறது. மறுநாள் காலை வேறு விமானங்கள் புறப்படுகின்றன. அத்துடன் படம் முடிகிறது.

பெண்கள் பக்கத்தில் திரேசம்மா இருந்தார். கட்டைபறிச்சான் சம்மாட்டி ஒருவரின் வள்ளத்தில் வடக்கே தொழிலுக்குப் போன அவருடைய கணவர் திரும்பியிருக்கவில்லை. இறந்தவருக்கான பூசை ஒப்புக்கொடுக்கும்படி உறவினர்கள் சொல்லியும் அவர் சம்மதிக்கவில்லை. இரவில் கணவருக்குச் சோறு எடுத்து மூடிவைக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கடைசிச் சுருள் முடிந்து விளக்கு எரிந்தது. பாக்கியநாதர் சீலைக்கு முன்னால் வந்தார். வழக்கம்போல நிற்காமல், ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"கப்பல் அதிகாரி அந்த விமானியின்ர மனிசி வீட்டை போறார். தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிருக்கிறார். 'பிள்ளை, உம்மட மனுசன் இனி வரமாட்டார். கடல் அவரைக் கரையில விட்டுது. அங்கத்தைச் சனம் கண்டு, செபம் சொல்லி, மரியாதையா அடக்கம் செய்திருக்குது. அவரைத் தனிய விடேல்ல' எண்டு சொல்லுறார். அவ அழுது முடியுமட்டும் இருந்திட்டுத்தான் எழும்பிப் போறார்."

அப்படி ஒரு காட்சி படத்தில் இல்லவே இல்லை. திரேசம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெளியே போனார். அடுத்த கிழமை பூசை நடந்தது.

நான் கோபப்படத் தெரியாதவன். ஆனாலும் கந்தோரில் அவரிடம் கேட்டேன்: "படத்தில இல்லாத கதையை ஏன் சொன்னனீர்? அந்த மனிசி நம்பிக்கையோட இருந்தது. அதை உடைச்சுப்போட்டீரே?"

"ஓம். உடைச்சனான்தான்" என்றார். தன் கோப்புகளுக்குத் திரும்பினார்.

அடுத்த மாதமே எனக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. ஓய்வுபெற்றுத் திரும்பிய பின் கோயில் வாசலில் சந்தித்துக்கொள்வோம். "சுகமோ?" என்பார். "ஓம்" என்பேன். அந்தப் படத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. அவர் விளக்கம் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். நான் திரும்பக் கேட்பேன் என்று அவரும் காத்திருந்தாரோ, தெரியாது.

மேலே உள்ள பகுதியை எழுதி வைத்துவிட்டு, நேற்று அவருடைய வீட்டுக்குப் போனேன். வீட்டாருக்கு உதவியாக அங்கே வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர் திரேசம்மா. தேத்தண்ணி தந்தார். தயங்கித் தயங்கி அந்த நாளைப் பற்றிக் கேட்டேன்.

"அது படக்கதை இல்லை அண்ணை" என்றார். "சம்மாட்டியார் பாக்கியநாதரிட்டத்தான் சொல்லி விட்டவர். என்ர மனுசன்ர உடம்பு கரையொதுங்கி, அங்கேயே அடக்கம் செய்தாச்செண்டு. அதைச் சொல்ல எங்கட வீட்டை மூண்டு தரம் வந்தவர். மூண்டு தரமும் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு, மழையைப் பற்றிக் கதைச்சிட்டுப் போயிட்டார். நானும் வாயைத் திறக்க விடேல்ல. அண்டைக்கு அவர் கதிரையை இழுக்கேக்கையே எனக்கு விளங்கிட்டுது. சனம் எல்லாம் வெள்ளைக்காரிக்கு அழுதுது. நானும் அதோட சேர்ந்து அழுதிட்டன். ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கேல்ல."

வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு இது தெரியாதே? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரே" என்றார்.

கொழும்பில் அந்தப் படத்தை நான் இன்னொரு முறை பார்த்திருக்கிறேன். காலை விமானங்கள் புறப்பட்டு, திரையில் எழுத்துகள் ஓடி, சனம் எழுந்து போன பிறகும் நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அதிகாரி அந்த வீட்டுக்குள் வருவார் என்று எனக்குள் ஏதோ எதிர்பார்த்திருந்தது. பாக்கியநாதரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் காட்சியை.

பட்டியலில் மூன்றாவதாக நான் எழுதியிருப்பது பிழை.