நீலம் வந்துச்சா?

ஈஸ்ட் வளர்க்கிறவர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: இந்தத் தொழிலில் கைவேலை கொஞ்சம், தவிப்புதான் அதிகம்.

அம்மாவுக்கு விளக்கியது

வைரஸ் புரதம் ஒன்று, இறால் புரதம் ஒன்று. இரண்டையும் மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டுக்குள் புகுத்துவேன். அவை ஒட்டிக்கொண்டால் ஈஸ்ட் நீலமாகும். இல்லையென்றால் வெளுத்தே கிடக்கும். எது எதோடு ஒட்டுகிறது என்று தெரிந்தால் இறால் நோயின் வழி பிடிபடும். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த நாளாக எனக்கு வெள்ளைதான். இந்தத் தடவையும் நீலம் வராவிட்டால் என் ஆராய்ச்சித் தலைப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வழிகாட்டி மேடம் சொல்லிவிட்டார். ஏரிக்கரையில் எங்கள் ஊரான தோணிரேவில் இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா நிமிரவே இல்லை.

"மாவு புளிக்குதான்னு பாக்கவா இத்தினி வருசம் படிச்ச?"

பெட்டி முறை

ஈஸ்டுக்குச் சூடு தரும் இன்குபேட்டர் பெட்டி எங்கள் லேபில் ஒன்றுதான். எனக்கும் உடன் படிக்கும் நந்தினிக்கும் புதிதாக வைக்க நாள் பிரித்திருந்தார்கள். எங்கள் ஏரியிலும் வலை கட்ட இப்படி முறை உண்டு, பாடு என்போம். அடுத்தவர் பாடு நாளில் நம் வலை தண்ணீரில் கிடக்கக் கூடாது. அந்தப் பழக்கத்தில், நந்தினியின் நாள் வந்ததும் ஈஸ்ட் வளரும் என் பிளேட்டுகளை வெளியே எடுத்து ஏசிக் குளிரில் அடுக்கிவிட்டேன். ஈஸ்ட் வளரவே இல்லை. நந்தினி பெட்டியைத் திறந்து காட்டினாள். முக்கால்வாசி காலி.

"யாருப்பா உன்னை எடுக்கச் சொன்னது? ஊரே பிளேட் வைக்கலாம் இதுல."

ஞாயிற்றுக்கிழமை

வைரஸ் புரதத்தில் வேறொரு துண்டை எடுத்து மறுபடி வைத்துவிட்டு ஊருக்கு வந்தேன். நந்தினி பிளேட்டைப் படமெடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். இருப்புக் கொள்ளவில்லை. சிக்னல் தேடிக் கரைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த நைனா, ஒரு இடத்தில் உட்காரச் சொல்லித் திட்டினார்.

படம் வந்தது. நல்ல நீலம். நைனா வலையைப் போட்டுவிட்டு எழுந்துபோய், தன் பையன் இறால் நோயைக் கண்டுபிடித்துவிட்டான் என்று கரையில் இருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அதற்குள் அடுத்த படம். இறால் புரதமே போடாமல், சரிபார்க்க வைத்த பிளேட். அதுவும் அதே நீலம். வைரஸ் துண்டு துணையில்லாமல் தானாகவே நிறம் காட்டியிருக்கிறது. ஒட்டியதற்கு ஒரு சாட்சியும் இல்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் நைனா மறுபடி கரைக்குப் போய்த் திரும்பினார்.

"இன்னும் இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நாளைக்குப் பெட்டி உன்னுதா, அந்தப் பொண்ணுதா?"

பெட்டி என்னுடையதுதான், தலைப்பு யாருடையது என்பதைத்தான் மேடம் சொல்ல வேண்டும்.