ஒற்றைப் பலகை ரெஹால்

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். கல்முனைக்குடியில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு மரக்காலையில்தான் இது நடந்தது. மரக்காலை என்றால் பலகை வாங்கிக்கொண்டு திரும்புகிற இடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தக் கடைக்காரர், நாங்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி ‘காக்கா’ என்று கூப்பிடுகிறவர், வேறு மாதிரி. சனிக்கிழமைகளில் மரம் அரிகிற பெரிய வாளை நிறுத்திவிட்டு, பின்பக்கக் கொட்டிலில் மேசைகளைப் போட்டு, மரவேலை பழக ஆசைப்படுகிற எல்லோரையும் கூப்பிடுவார். ஆண், பெண் பேதமில்லை. உளியும் சுத்தியலும் கடையினுடையது. போகும்போது அவரவர் மரத்தூளை அவரவர் கூட்டவேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

நான் போனது மகளுக்காக. அவள் குர்ஆன் ஓதி முடிக்கப்போகிறாள், வெள்ளிக்கிழமை அதற்கான கத்தம் வைபவம். குர்ஆனை விரித்து வைத்து ஓதுகிற ரெஹாலை உம்மாவே செய்து தருவா என்று கூட ஓதுகிற பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிவிட்டாள். எதற்கும் கடையில் ஒன்று வாங்கி வைக்கட்டுமா என்று என் மனுசன் கேட்டார். அந்த ‘எதற்கும்’ என்ற சொல்தான் எனக்கு ரோசத்தைக் கிளப்பியது.

நல்ல ரெஹாலுக்கு ஆணி இல்லை, பசை இல்லை. ஒரே பலகை. நடுவில் உளியால் பல் பல்லாக வெட்டி, மேலிருந்தும் கீழிருந்தும் பலகையின் தடிப்பை வாளால் இரண்டாகப் பிளக்கவேண்டும். வெட்டு சரியென்றால் அந்தப் பற்களே பிணைச்சலாகி, கத்தரிக்கோல் மாதிரி விரியும். பிசகினால் உடையும். அந்த அகலத்தில் கடையில் இருந்த முதிரைப் பலகை ஒன்றே ஒன்றுதான். அதை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார் காக்கா.

கத்தத்துக்கு முந்திய சனிக்கிழமை பற்களை வெட்டி முடித்திருந்தேன். பிளக்க முன்பு அழகுக்கு, ‘அல்லாஹ்வின் பெயரால்’ என்கிற பிஸ்மில்லாஹ் செதுக்கலாம் என்று ஆசை வந்தது. நன்றாகத் தெரிகிற கீழ்ப்பாதியில் அரபில் பென்சிலால் எழுதி, முதல் எழுத்தான ‘பே’யை மட்டும் அழகுக்காகத் தனியே பெரிதாக வைத்துச் செதுக்கியும் விட்டேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேசையில், பெரியநீலாவணையிலிருந்து வருகிற, நெற்றியில் திருநீறு பூசிய அண்ணன் ஒருவர் சப்பாத்து வைக்கிற ராக்கை செய்துகொண்டிருந்தார். வங்கியில் வேலை, என்னைப் போலவே புதிதாகப் பழக வந்தவர். கொஞ்ச நேரம் என் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தங்கச்சி, குறை நினைக்காதீங்க. இத விரிச்சா இந்தப் பக்கம் காலாப் போகும்தானே? சாமி எழுத்து நிலத்துல படலாமா?”

உளியைக் கீழே வைத்தேன். அல்லாஹ்வின் பெயரைக் கொண்டுபோய்க் காலில் எழுதப் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, அந்தப் பெயர் இன்னும் பென்சிலில்தான் இருந்தது. அவசரமாக அழித்தேன். ஆனால் செதுக்கிய ‘பே’யை எப்படி அழிப்பது?

கொட்டிலே என் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டது. இழைத்துவிடலாம் என்றார் ஒருவர். பலகை மெலிந்து பல் தாங்காது என்றார் காக்கா. அடியை வெட்டினால் கால் கட்டையாகிவிடும். வேறு பலகையும் இல்லை. வெள்ளிக்கிழமை கண்முன் வந்து நின்றது. அழுகையை அடக்கிக்கொண்டு பலகையைத் தலைகீழாகத் திருப்பினேன். அப்போதுதான் பார்த்தேன். கிண்ணம் போல இருந்த ‘பே’ கவிழ்ந்து ஓர் இலையின் வளைவாகத் தெரிந்தது. அடியிலிருந்த புள்ளி அதன் மேல் ஒரு மொட்டு.

“காக்கா, கொடியாக்கட்டா?”

“ஓம் புள்ள, ஆக்குங்க. எழுத இருந்தத வாயால சொல்லிட்டுத் தொடங்குங்க.”

சொன்னேன். ஒரு மொட்டு பத்து மொட்டானது. கால் முழுக்கக் கொடி ஓடியது. பிறகு அண்ணன் பலகையை அசையாமல் பிடிக்க, நான் மெல்லிய வாளால் தடிப்பைப் பிளந்தேன். இரண்டு கையாலும் பிடித்து விரித்தபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். உடையவில்லை, பல்லுக்குள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிராய் கழன்ற சத்தம் அது. ரெஹால் என் கையில் அழகாக விரிந்து நின்றது. கொட்டிலே ஆரவாரித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என்னைவிடச் சந்தோசமாக இருந்தவர் அந்த அண்ணன்தான், தன் ராக்கையைக் கூட மறந்துபோய் நின்றார்.

வெள்ளிக்கிழமை மகள் அதில் வைத்துத்தான் கடைசி சூறாக்களை ஓதினாள். வந்த பெண்களெல்லாம் கொடியைத் தடவிப் பார்த்தார்கள். என் மனுசன் ‘எதற்கும்’ என்ற சொல்லை எடுக்கவேயில்லை.

வேற்று மார்க்கத்தார் காரியம், நமக்கென்ன என்று அந்த அண்ணன் பேசாமல் இருந்திருக்கலாம். அரபில் ஓர் எழுத்தும் தெரியாத அவர் அந்த எழுத்துக்குரிய மரியாதையை எனக்கு முன்பே யோசித்தார் என்பது, மகள் ரெஹாலை விரிக்கிற ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சை நிறைக்கிறது.